தர்மபுரி வெயிலில் பெர்ரி வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். மாடித்தோட்டம்தான். முதல் வருடம் ஸ்ட்ராபெர்ரி நாற்று 12 வாங்கிப் பிப்ரவரியில் வைத்தேன். அதுதான் தப்பு. சித்திரை வெயிலில் பூவே நின்றுபோனது. நிழல்வலை கட்டியும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் ஒவ்வொன்றாகக் கருகின. அடுத்த தடவை ஐப்பசி மழையோடு நட்டேன். மார்கழிக் குளிரில் பூத்தது, மாசி வரை பறித்தோம். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் இப்படித்தானாம்: வெயில் தணிந்ததும் நட்டு, கோடைக்கு முன்பே பறித்துவிடுகிறார்கள்.

புளூபெர்ரிதான் ரொம்ப வருத்தப்பட வைத்தது. அதற்கும் வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இலையை உற்றுப் பார்த்தால் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். தொட்டி விளிம்பை விரலால் தேய்த்தேன், வெள்ளையாக மாவு போல ஒட்டியது. எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே சுண்ணாம்பு உப்பு! புளூபெர்ரிக்கு மண் புளிப்பாக, அதாவது பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது ஏறிக்கொண்டே போகும், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அப்புறம் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து அதை மட்டுமே ஊற்றினேன். புதுத் தளிர் பச்சையாகவே வந்தது. பழம் இன்னும் பார்க்கவில்லை. நம் ஊர்க் குளிர் அதற்குப் போதாது என்றே தோன்றுகிறது.

வேறு யாராவது இங்கே பெர்ரி பறித்திருக்கிறீர்களா?

ராயக்கோட்டையிலிருந்து:
அக்கா, நம் ஊர் பெர்ரி மல்பெரிதான். பட்டுப்புழுவுக்காக இலை வெட்டுகிற தோட்டத்தில் பழுக்க விடமாட்டோம், அதனால் பலருக்கு அது பழமாகவே தெரியாது. கவாத்து பண்ணும்போது பென்சில் கனத்தில் மூன்று, நான்கு கணு உள்ள குச்சியாகப் பார்த்து வரப்போரம் ஊன்றினேன். வெட்டாமல் விட்டேன், இப்போது ஆள் உயரத்துக்கு மேல். போர் தண்ணீரையும் தாங்குகிறது, வெயிலையும் தாங்குகிறது. சிவப்பாக இருக்கும்போது பறிக்காதீர்கள், புளிக்கும். நன்றாகக் கறுத்து, தொட்டால் கையோடு வர வேண்டும். அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாளே கசிந்துவிடும். விடிவதற்குள் போகாவிட்டால் கொண்டைக்குருவிதான் முதலில் சாப்பிடும், அதற்கும் கொஞ்சம் விட்டுவிடுகிறேன்.

பென்னாகரத்திலிருந்து:
தம்பி, எனக்கும் இரண்டு குச்சி ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓசூர் போகிறேன், ராயக்கோட்டை வழியாகத்தான் வருவேன். அதை நட, பெரிய டிரம் ஒன்றை இன்றைக்கே காலி பண்ணுகிறேன்.