மரபணு மாற்றிய கொசு கடித்தால் நமக்கு ஏதாவது ஆகுமா?

கேள்வி (அரைத்தூக்கம்):
ஆந்திரியா கிரிசாந்தி என்ற விஞ்ஞானி லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கொசுவின் மரபணுவை மாற்றி, கொசுவை வைத்தே மலேரியாவை ஒழிக்கப் பார்த்தார் என்று படித்தேன். எனக்கு இரண்டு சந்தேகம். அந்தக் கொசு கடித்தால் மாற்றிய மரபணு நம் உடம்புக்குள் வந்துவிடாதா? அப்புறம், பெண் கொசுவை மலடாக்கும் மரபணு என்கிறார்கள். பிள்ளையே இல்லாத இடத்தில் பேரன் எப்படி வருவான்?

பதில் (பழைய நோட்டு):
முதல் கேள்விக்கு: வராது. மரபணு கொசுவிலிருந்து கொசுவுக்குப் போவது இனச்சேர்க்கையால்தான், கடியால் அல்ல.

பதில் (கூண்டுக்காரர்):
கொசு வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் ஆறு வருடம் இருந்தேன். முட்டைக்கு ஊசி போடுவதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள். கொசு முட்டை இட்டவுடன் வெள்ளையாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமாகும், அப்புறம் கறுத்து ஓடு இறுகிவிடும். இறுகுவதற்குள் நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கி, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் பின்முனையில் குத்த வேண்டும். பிற்காலத்தில் விந்தும் கருமுட்டையும் ஆகப்போகும் செல்கள் அங்கேதான் உருவாகும். நான் குத்தியதில் பெரும்பாலானவை செத்துப்போகும். பல வாரம் கழித்து ஏதோ ஒரு புழுவின் கண் விளக்கடியில் சிவப்பாக ஒளிரும். மரபணு ஒட்டிக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி.

பேரன் கதைக்கு வருகிறேன், நல்ல கேள்வி. சாதாரணமாக ஒரு மரபணுவின் பிரதி ஒன்று மட்டும் பெற்றோரிடம் இருந்தால், பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் அது போகும். 'ஜீன் டிரைவ்' அந்தக் கணக்கையே மாற்றுகிறது. கிரிஸ்பர் என்ற, மரபணுவை வெட்டும் கத்தியும் மாற்றிய மரபணுவோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. அது ஜோடிக் குரோமோசோமை வெட்டும். செல் அந்த வெட்டைச் சரிசெய்யும்போது மாற்றிய பக்கத்தைப் பார்த்து நகல் எடுத்துவிடும். அதனால் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது.

கிரிசாந்தி குழு 2018இல் குறிவைத்தது, கொசுவின் ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் 'டபுள்செக்ஸ்' என்ற மரபணுவை. இதில் ஒரு பிரதி மட்டும் மாறிய பெண் சாதாரணமாகவே இருக்கும், முட்டையும் இடும். இரண்டு பிரதியும் மாறினால்தான் ஆணும் பெண்ணும் கலந்த உருவமாகும். கடிக்கவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. ஆண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆக, ஆண்களும் ஒற்றைப் பிரதிப் பெண்களும் சுமந்து பரப்ப, இரண்டு பிரதியும் மாறிய பெண்கள் பெருகிய பிறகுதான் வம்சம் நிற்கிறது. 600 கொசு போட்ட இரண்டு கூண்டுகளில் 7 முதல் 11 தலைமுறைக்குள் முட்டையே இல்லாமல் போனது.

முன்பு வேறு மரபணுக்களை வைத்து முயன்றபோது, கத்தி வெட்டும் இடத்தில் டிஎன்ஏ எழுத்து மாறிய கொசுக்கள் தப்பித்து மறுபடி பெருகின. இந்த இடம் அப்படியல்ல. இங்கே எழுத்து மாறினாலே பெரும்பாலும் கொசுவின் பெண் உடல் கெட்டுவிடும். இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பதில் (வேப்பமரம்):
கூண்டில் நடந்தது சரி சார். வெளியே விட்டால் கட்டுப்படுத்த முடியுமா? பிரேசில் ஜகோபினா ஊரில் விட்ட கொசுவின் மரபணு உள்ளூர்க் கொசுவில் கலந்துவிட்டது என்று படித்த ஞாபகம்.

பதில் (கூண்டுக்காரர்):
இரண்டும் வேறு வேறு. ஜகோபினாவில் விட்டது ஏடிஸ் கொசு, டெங்குவைக் குறிவைத்து. அதில் டிரைவ் கிடையாது. அந்த ஆண்களுக்குப் பிறப்பவை பெரும்பாலும் வளர்வதற்கு முன்பே சாகும். தப்பிய சிலவற்றால் கலப்பு நடந்தது என்று 2019இல் ஒரு ஆய்வு வந்தது, அதைப் பற்றிப் பெரிய சண்டையும் நடந்தது. டிரைவ் கொசுவை இன்றுவரை யாரும் திறந்த வெளியில் விடவில்லை. 2019இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் பானா கிராமத்தில் விட்டதும் டிரைவ் இல்லாத மலட்டு ஆண்கள்தான். 2025 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசு அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது.

கடியைப் பற்றி எனக்குப் பயமில்லை. நான் எத்தனையோ கடி வாங்கியிருக்கிறேன். எல்லை தாண்டிப் பறக்கிற ஒன்றுக்கு எந்த நாடு அனுமதி கொடுக்கும் என்பதுதான் எனக்குள்ள குழப்பம். பக்கத்து நாடு வேண்டாம் என்றால் கொசுவிடம் யார் போய்ச் சொல்வது?

கேள்வி கேட்டவர் (அரைத்தூக்கம்):
நன்றி சார், பேரன் கணக்கு இப்போது புரிந்தது. ஒரே ஒரு சின்ன சந்தேகம்: கடிக்காத ஆண் கொசு எதைத்தான் சாப்பிடும்?

பதில் (கூண்டுக்காரர்):
பூந்தேன். கூண்டில் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைப்போம். மாற்ற மறந்தால் எறும்பு வந்துவிடும், அது தனிக்கதை.