கொழும்பு மழையில் விழும் பாதரசம் இந்தியாவுடையதா?

வெள்ளவத்தையான்:
டிசம்பர், ஜனவரியில் கொழும்பு மழையோடு இறங்கும் பாதரசம் முழுக்க இந்திய அனல்மின் நிலையங்களுடையது என்று இங்கே ஒருவர் படம் போட்டு எழுதியிருக்கிறார். கொழும்பிலிருந்து ஐந்து நாள் பின்னோக்கிக் காற்றுப்பாதை வரைந்தாராம், கோடு தமிழ்நாட்டில் போய் நின்றதாம். நிலக்கரியிலிருந்து ஆவியாகக் கிளம்பும் தனிமப் பாதரசம், அதாவது வேறெதனோடும் சேராத பாதரசம், மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, காற்றில் சுற்றும். ஐந்து நாள் கோட்டை வைத்து அதன் ஊரை எப்படிச் சொல்வீர்கள்?

கொட்டாஞ்சேனை:
படம் போட்டது நான்தான். புகைபோக்கியால் வருவதெல்லாம் தனிமப் பாதரசம் இல்லை, ஐயா. ஒரு பங்கு ஒக்சியேறியே, அதாவது வேறு தனிமங்களோடு சேர்ந்தே, வெளிவரும். அது நீரில் கரையும், சில நாட்களில் மழையோடு விழுந்துவிடும். அதற்கு ஐந்து நாள் தாராளம். 2022 டிசம்பரில் இந்தியப் பக்கத்திலிருந்து வந்த தூசால் பள்ளிக்கூடங்களை மூடியது மறந்துபோச்சா?

வெள்ளவத்தையான்:
அது தூசு. நான் கேட்பது பாதரசம். உயரத்தில் புரோமின் தனிமப் பாதரசத்தை ஒக்சியேற்றுகிறது, நம்முடைய இடிமழை மேகம் அதை அங்கிருந்தே கழுவி இறக்கும். அந்தப் பாதரசம் எந்த நாட்டுடையது? ஐந்து நாள் கோடு காற்று வந்த வழியைக் காட்டும், பாதரசம் எங்கே ஏறியது என்று காட்டாது. 2015இல் மனிதர் காற்றில் விட்டது சுமார் 2,220 தொன் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. அதில் 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்கள், நிலக்கரி 21தான்.

புத்தளத்தான்:
இந்தியா, தங்கச் சுரங்கம் எல்லாம் கதைக்கிறீர்கள். நம்முடைய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 900 மெகாவோட்டுக்கு நிலக்கரி எரிகிறதே, அதை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. தென்மேற்குக் காற்றில் அந்தப் புகை கடலுக்கா போகிறது?

கொட்டாஞ்சேனை:
நானா, அதை நான் மறுக்கவில்லை. கேள்வி எல்லை தாண்டி வருவதைப் பற்றியது.

வெள்ளவத்தையான்:
அப்படியென்றால் முறையாகச் செய்யுங்கள். காற்றில் பாதரசம் போகும் விதத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியை இந்திய உமிழ்வோடு ஒரு தடவை, அதை நிறுத்தி ஒரு தடவை ஓட்டுங்கள். வித்தியாசம்தான் இந்தியப் பங்கு. ஐந்து நாள் கோடு கணினி மாதிரியே இல்லை.

கொட்டாஞ்சேனை:
உங்கள் உலக மாதிரி பூமியைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கணக்கிடும்; ஒரு பெட்டி இரண்டு பாகை, அதாவது 220 கிலோமீற்றர். இலங்கையின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கொழும்பும் காலியும் ஒரே பெட்டிக்குள் கிடக்கும். அதற்கு என் கோடு மேல். முன்பு இங்கே நடந்த களனி கங்கை விவாதத்திலும் இப்படித்தான், அடுத்தவன் செய்ததைக் குறை சொல்ல மட்டும் வந்தீர்கள்.

பம்பலப்பிட்டி அக்கா:
சண்டையை விடுங்கோ. மகள் கர்ப்பமாக இருக்கிறாள், வாள்மீன் கொடுக்கலாமா?

வெள்ளவத்தையான்:
வேண்டாம் அக்கா. கடலில் விழும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசம் என்ற நஞ்சாக்கும், பெரிய மீனில்தான் அது அதிகம் சேரும். சாளை, நெத்தலி கொடுங்கள். தம்பி, களனியில் நான் கேட்ட கேள்விக்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பெட்டி பெரிதென்றால் சின்னப் பெட்டி மாதிரியை உள்ளே வைத்து ஓட்டுங்கள். ஐந்து நாள் கோடு எதற்கு?

புத்தளத்தான்:
நுரைச்சோலைக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொட்டாஞ்சேனை:
ஒக்சியேறிய பங்குக்கு ஐந்து நாள் போதும். நாளைக்கு ஏழு நாள் கோடும் போடுகிறேன்.

வெள்ளவத்தையான்:
எழுபது நாளுக்குப் போடுங்கள், கேள்வி அதேதான்.