புதுப்பிப்பு: கடல்நீர்த் தொட்டியில் கொள்ளிட மணல்

கடல்நீர் மீன்தொட்டியின் அடியில், விலை கூடிய பவள மணலுக்குப் பதில், வெளிநாடுகளில் குழந்தைகள் விளையாடும் மணலைக் கொட்டுவதுபோல நம் ஆற்று மணலைப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கும்பகோணத்தில் வீடு கட்டி மிஞ்சிய கொள்ளிட மணலையே போட்டுவிட்டேன். தொட்டி அருமையாக இருக்கிறது!

உழைப்பெல்லாம் அலசுவதில்தான். வாளியில் கைவிட்டுக் கிளறக் கிளற வண்டல் காவிநிறத்தில் பொங்கியது. நீர் தெளிந்து மணல் மணிமணியாகத் தெரியும்வரை விடவில்லை. பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை ஈர மணலில் இழுத்தால் கருந்துகள்கள் மீசைபோல ஒட்டிக்கொள்கின்றன. இரும்புத்தாது அது, அவசியம் நீக்குங்கள்.

வினிகர் விட்டேன், நுரைக்கவில்லை. ஆகவே சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பாலான பவள மணல்தான் நீரின் காரத்தன்மையைக் காக்கும் என்று பலர் எச்சரித்தீர்கள். பி.எச். 8-க்கு மேல் இருக்கும் நீரில் அதுவும் அவ்வளவாகக் கரையாது. நீர் மாற்றுவதும் சிறிது சமையல் சோடாவும் போதும்.

பழுப்புப் பாசி வந்தது, தானே மறைந்தது. புதிய தொட்டி எதிலும் அது வரும். மணலைவிட ஆழ்துளைக் கிணற்று நீரில்தான் அந்தப் பாசிக்குத் தீனியாகும் சிலிக்கேட்டுக்கு அஞ்சவேண்டும், ஆர்.ஓ. நீரில்தான் உப்பைக் கலக்கிறேன்.

மணலை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம்: அது உடைத்த கல், விளிம்புகள் கூர்மை. மணலை வாயில் அள்ளிச் செவுள்வழி சலிக்கும் கோபி மீன்களுக்கு அது கொடுமை.