கிரீட் தீவில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

மே மாதம் அம்மாவுடன் கிரீட்டில் உள்ள ஹானியா நகரத்துக்குப் போகிறேன். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நான் எதையும் சாப்பிடுவேன். துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் விலை அதிகமாமே, உள்ளூர்ச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்?

பதில் 1:
கவலையே வேண்டாம். டாகோஸ் கேளுங்கள். கல் போல இறுகிய பார்லி ரொட்டிமேல் துருவிய தக்காளி, மிசித்ரா பாலாடைக்கட்டி, தாராளமாக ஆலிவ் எண்ணெய், சாறு இறங்கி அடிப்பக்கம் ஊறும்வரை கொஞ்சம் பொறுத்துச் சாப்பிட்டால்தான் ருசி. அப்புறம் ஹோர்த்தா, வேகவைத்த கீரையில் எலுமிச்சை பிழிந்தது. துறைமுகத்தை விட்டு உள்தெருக்களில், கிரேக்கக் குடும்பங்கள் ஒன்பது மணிக்குமேல் வந்து உட்காரும் கடையாகப் பாருங்கள்.

பதில் 2:
"நிஸ்டிசிமோ" என்று கேளுங்கள், அது ஆர்த்தடாக்ஸ் விரதச் சாப்பாடு, இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் அவர்கள் விரதத்தில் உண்டு, அதையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
காமோபிலாஃபோ வெறும் வெள்ளைச் சோறு போலத் தெரியும், ஆட்டிறைச்சி, கோழி வேகவைத்த சாற்றில் பொங்கியது, கல்யாண விருந்துச் சோறு. அம்மா பக்கம் வைக்காதீர்கள், நீங்கள் விடாதீர்கள்! ரொட்டிக்குத் தனிக் காசு போடுவார்கள், கடைசியில் வரும் ராக்கி என்ற திராட்சைச் சாராயம் பெரும்பாலும் இலவசம்.