பறவை டெஸ்ட் பாஸ் எண்டா ஹோர்மோன் பிரச்சினை இல்லையா?

தலங்கம_கொக்கு: நேத்து இன்னொரு இழையில ஒரு அண்ணை "இந்தப் பூச்சிமருந்து காடை டெஸ்ட் பாஸ், பறவைக்கு ஹோர்மோன் பிரச்சினையே வராது" எண்டு அடிச்சு சொல்லியிருந்தார். அது என்ன டெஸ்ட் எண்டு பாத்தா ஓஈசிடி எண்ட நாடுகள் கூட்டமைப்பின்ர 206ஆம் டெஸ்ட் முறை, 1984ல எழுதினது. வளந்த காடைக்கோ தாராவுக்கோ மருந்து கலந்த தீனி 20 கிழமை போல குடுத்து, எத்தனை முட்டை, ஓடு எவ்வளவு தடிப்பு, எத்தனை பொரிச்சது, குஞ்சு 14 நாள் தப்பிச்சுதா, அவ்வளவுதான். அந்தக் குஞ்சு பெரிசாகி முட்டை இடுமா, சேவலுக்கு விரை ஒழுங்கா இருக்கா எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை.

புறக்கோட்டை_மருந்துக்கடை: நான்தான் அந்த அண்ணை. தங்கச்சி, ஓட்டுத் தடிப்பு அளக்கினம் தானே, பழைய பூச்சிமருந்து டிடிடி மாதிரி ஒண்டு இப்ப வந்தா அதிலயே மாட்டும். முட்டையும் குஞ்சும் குறையாத அளவைக் கண்டுபிடிச்சு அதுக்குக் கீழதான் விடுறாங்கள், ஹோர்மோனால குறைஞ்சா என்ன ஈரலால குறைஞ்சா என்ன. 2021ல இலங்கையில உரம், பூச்சிமருந்து எல்லாத்தையும் தடை செய்து பட்ட பாடு காணாதா?

தலங்கம_கொக்கு: மாட்டாது அண்ணை, அதுதான் பகிடியே. டிடிடி உடம்பில டிடிஈ ஆகி ஓட்டை மெல்லிசாக்கினது பைரி, வல்லூறு, பெலிகன் மாதிரிப் பறவைக்கு. கோழி, காடைக்கு பெரிசா ஒண்டும் ஆகேல்லை. பிரிட்டன்ல ராட்கிளிஃப் எண்ட பறவை ஆய்வாளர் பழைய முட்டை ஓடுகளை நிறுத்துப் பாத்து 1947ல இருந்து மெலிஞ்சதை 1967லதான் எழுதினார். காடையை மட்டும் நம்பியிருந்தா ஓட்டு விஷயத்தில டிடிடி கிட்டத்தட்ட பாஸ்தான். கொழும்புப் பேர வாவிப் பெலிகனுக்கு காடை பிணை நிக்கேலாது.

புறக்கோட்டை_மருந்துக்கடை: தாராவிலயும் செய்யலாம் தானே, அதுக்கு ஓடு மெலியும்.

வத்தளை_காடை: நான் காடை வளக்கிறன், இடையில ஒண்டு சொல்லட்டா. ஆண் காடைக்கு பின்வாசலுக்கு மேல சிவந்த கட்டி ஒண்டு இருக்கும், அமத்தினா சவுக்கார நுரை மாதிரி வெள்ளையா வரும், வராட்டி இன்னும் பருவத்துக்கு வரேல்லை இல்லாட்டி பெட்டை. ஆனா முட்டை குறையிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, தீனி மணத்தா தின்னாதுகள், உடன முட்டை விழுந்திடும், 2022 கரண்ட் கட்டில லைட் இல்லாம விழுந்தது இன்னும் ஞாபகம்.

புறக்கோட்டை_மருந்துக்கடை: கேட்டீங்களா தங்கச்சி, தின்னாம குறைஞ்சா அது ஹோர்மோனா? 'ஹோர்மோன் குழப்பி' எண்டதுக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின்ர 2002 வரைவிலக்கணமே ஹோர்மோன் வேலை மாறி, அதால கெடுதல் வரவேணும் எண்டுதான்.

தலங்கம_கொக்கு: அதைத்தானே நானும் சொல்றன், முட்டையை எண்ணி இருக்கு எண்டும் சொல்லேலாது இல்லை எண்டும் சொல்லேலாது. (லைட் குறைஞ்சா முட்டை நிக்கிறதே ஹோர்மோன் வழியாத்தான், அது வேற கதை.) பாக்கவேண்டியது காடை அண்ணை சொன்ன அந்த நுரைக் கட்டியை. அது ஆண் ஹோர்மோனை நம்பி வளர்றது, முட்டைக்குள்ள இருக்கேக்க ஈஸ்ட்ரஜன் (பெண் ஹோர்மோன்) மாதிரி ஒண்டு பட்டா வளந்தாப்பிறகு சின்னனா இருக்கும், விரைக்குள்ள சூலகத் திசுவும் வரும். அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் ஈபிஏயிட்ட ரெண்டு தலைமுறை காடை டெஸ்ட் இருக்கு, அதில பிள்ளையளைப் பெரிசாக்கிப் பாக்கினம். 1981ல ஃப்ரை, டூன் எண்ட ரெண்டு ஆய்வாளரும் கடற்புறா முட்டைக்குள்ள டிடிடி ஊசி போட்டு ஆண் குஞ்சு பெண் தன்மைக்கு மாறினதைக் காட்டினவை.

புறக்கோட்டை_மருந்துக்கடை: ஊசி போட்டா எதுவும் மாறும், வயல்ல ஆர் ஊசி போடுறான்? ரெண்டு தலைமுறை எண்டா எவ்வளவு செலவு, எத்தனை பறவை சாகும். பேராதனைப் பூச்சிமருந்துப் பதிவாளர் ஒஃபீஸ் இதெல்லாம் செய்யுமா?

தலங்கம_கொக்கு: ஊசி விஷயம் சரி, தாய் முட்டைக்குள்ள எவ்வளவு கடத்துது எண்டு அளந்தாத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். ஆனா பதிவாளர் செய்யத் தேவையில்லை, கம்பனியிட்ட கேக்கலாம். எலியில ஆண் ஹோர்மோனை மறிக்குது எண்டு தெரிஞ்ச வின்குளோசோலின் மாதிரி மருந்து எண்டா ரெண்டு தலைமுறை ரிப்போர்ட்டோட வா எண்டு.

புறக்கோட்டை_மருந்துக்கடை: எலியில சிக்னல் வந்ததுக்கு மட்டும் எண்டா பேசலாம். எல்லாத்துக்கும் எண்டா நான் கடையை மூடுறன், உங்கட கத்தரிக்காயை நீங்களே பாருங்கோ.

வத்தளை_காடை: சின்னச் சந்தேகம், எலியும் காடையும் ஒண்டா?

தலங்கம_கொக்கு: ஹோர்மோன் ஒண்டுதான், வேலை ஒண்டில்லை. பறவைக் கருவைப் பெட்டையாக்கிறது ஈஸ்ட்ரஜன், எலிக் கருவில அப்படி இல்லை. அதால எலியில இல்லாட்டி விட்டிடலாம் எண்டு நான் எழுதித் தரமாட்டன்.

புறக்கோட்டை_மருந்துக்கடை: ஐயோ, திரும்ப முதல்ல இருந்தா 🤦