கொடோ 3.5: கொம்பு எழுத்துக்கள் இடம் மாறி வருகின்றன, உதவி தேவை

குளக்கட்டு:
வணக்கம். கிளிநொச்சியில் பிள்ளைகளோடு சேர்ந்து கொடோ என்ற கேம் எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருள்) ஒரு சின்ன 2டி கேம் செய்கிறோம். இரவில் வயலுக்குள் யானை இறங்கும், காவல் கொட்டிலில் இருந்து வெடி போட்டுக் கலைக்க வேண்டும். கேம் நன்றாக ஓடுகிறது. ஆனால் 'கொட்டில்', 'வெடி' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே கதைதான்.

பாலைப்பழம்:
எழுத்துருவில் பிழை இல்லை. யூனிகோடில் 'வெ' என்பது முதலில் வ, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது எஞ்சினின் வேலை. கொடோ 3 அதைச் செய்யாது. 2023 மார்ச்சில் வந்த 4.0 இலிருந்துதான் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோர்க்கும் நிரல் அந்த வேலையைப் பார்க்கிறது. 4க்கு மாறுங்கள்.

குளக்கட்டு:
4 போட்டுப் பார்த்தேன், வல்கன் (கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் புது முறை) இல்லை என்கிறது. எல்லாம் பழைய கணினிகள்.

பாலைப்பழம்:
ரெண்டரரை, அதாவது திரையில் வரையும் முறையை, 'கம்பாட்டிபிலிட்டி' ஆக்குங்கள். அதற்கு வல்கன் வேண்டாம், பழைய முறையான ஓபன்ஜிஎல் 3.3 இருந்தால் போதும், 2டிக்கு அது தாராளம். மாற்றுவதற்கு முதல் நகல் எடுத்து வையுங்கள், பழைய ப்ராஜெக்ட்டை 4க்கு மாற்றித் தரும் கன்வேர்ட்டர் எல்லாவற்றையும் திருத்தாது. பாத்திரத்தை நகர்த்தும் 'மூவ் அண்ட் ஸ்லைட்'டுக்கு வேகத்தை உள்ளே கொடுக்கிற பழக்கமும் இப்போது இல்லை, 'வெலாசிட்டி'யில் முதலே வைத்துவிட வேண்டும்.

உழவுமெசின்:
ஓபன்ஜிஎல் 3.3உம் இல்லாத கணினி என்றால் கொடோ 3இலேயே பாமினி போடுங்கள் தம்பி, யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு. அதில் கொம்பை நாங்களே முதலில் தட்டுகிறோம், எஞ்சினுக்கு வேலையே இல்லை.

பாலைப்பழம்:
வேலை செய்யும் அண்ணா, ஆனால் பிறகு மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களாகத்தான் இருக்கும், ஒருவருக்கும் விளங்காது. அதைவிட மெனுவைப் படமாகவே போடலாம்.

குளக்கட்டு:
கம்பாட்டிபிலிட்டியில் திறந்தது, 'கொட்டில்' சரியாக வருகிறது! இன்னும் இரண்டு சிக்கல். தாத்தா பேசும் இடத்தில் எழுத்தெழுத்தாக வரும்போது முதலில் 'க' வந்து, பிறகு துள்ளி 'கொ' ஆகிறது. பிரவுசருக்கு எக்ஸ்போர்ட் செய்தால் வெறும் பெட்டிகள்.

பாலைப்பழம்:
லேபிளில் 'விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்' என்பதை 'ஆஃப்டர் ஷேப்பிங்' ஆக்குங்கள், துள்ளல் நிற்கும். பெட்டிக்குக் காரணம் வேறு. கொடோவோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. உங்கள் கணினியில் விண்டோஸின் எழுத்துருவை எடுத்துச் சமாளித்தது, பிரவுசரில் அந்த வசதி கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழை ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே வையுங்கள். ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமம்தான், கேமோடு கொடுக்கலாம். உரிமக் கோப்பையும் சேர்த்துவிடுங்கள்.

உழவுமெசின்:
கேமின் சோர்ஸ் கோட் எப்ப வெளியில் விடுவீர்கள்?

குளக்கட்டு:
இரண்டும் சரிவந்தது, நன்றி. கோட் எம்ஐடி உரிமத்தில் வரும் அண்ணா, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். யானைப் படங்கள் ஒரு பிள்ளை கீறியவை, அவளிடமும் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுத்தான் அவற்றைப் போடலாம்.