1,30,000 கி.மீ. ஓடிய ஆட்டோமேட்டிக் கார்: கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

கேள்வி

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். டார்க் கன்வெர்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) உள்ள 5 கியர் ஆட்டோமேட்டிக். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை. டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்தால் அடர் பழுப்பாக இருக்கிறது, கருகல் வாடை இல்லை. டி போட்டதும் உடனே பிடிக்கிறது. 2-லிருந்து 3-க்கு மாறும்போது மட்டும் லேசாக உதறுகிறது.

"இத்தனை வருடம் மாற்றாததை இப்போது மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும்" என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையா? இன்னொன்று, மேனுவலில் மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர், டிரெயின் செய்தால் 3 லிட்டர் என்று போட்டிருக்கிறது. மீதி 4 லிட்டர் எங்கே போகிறது?

பதில் 1

மீதி டார்க் கன்வெர்டரிலும் கூலர் குழாய்களிலும் வால்வ் பாடியிலும் (ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுகள் உள்ள பகுதி) நிற்கும். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் அடித்தட்டில் இருப்பது மட்டுமே வரும். அதனால் ஒரே தடவையில் முடியாது. 7-க்கு 3 மாற்றினால் முதல் சுற்றில் 43 சதவீதம் புதுசு, இரண்டாவதில் 67, மூன்றாவதில் 81. நான்காவது சுற்றுக்குச் செலவழிக்கும் 3 லிட்டருக்கு அவ்வளவு பலன் இல்லை. 10 லிட்டர் வாங்கினால் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஒரு வாரமாவது வழக்கம்போல ஓட்டுங்கள், அப்போதுதான் பழசும் புதுசும் கலக்கும்.

செய்முறை:

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி மிதமாகச் சூடாக்குங்கள். நன்றாகக் கொதித்த பிறகு கழற்றினால் கை வெந்துவிடும். நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றும் வண்டி என்றால் சரி. தனி ஃபில் போல்ட் உள்ள வண்டியில் முதலில் அதைத் தளர்த்திப் பாருங்கள். பழைய ஆயிலை வடித்த பிறகு அது துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

முன் சக்கர டிரைவ் வண்டிகளில் இன்ஜின் ஆயில் போல்ட்டும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மாற்றிக் கழற்றுவது புதியவர்கள் மட்டும் செய்யும் தவறு அல்ல. அப்படி ஆனால் இன்ஜின் ஆயில் காலியாகி, கியர் பாக்ஸில் அளவுக்கு மீறி ஆயில் நிற்கும். ஸ்பேனர் வைப்பதற்கு முன் மேனுவல் படத்தோடு ஒப்பிடுங்கள்.

வடிந்ததை அளவுக் கோடு போட்ட பாட்டில்களில் ஊற்றி ஆறவிட்டு அளந்து பாருங்கள். 2.9 லிட்டர் வந்தால் 2.9 லிட்டரே ஊற்றுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு விநாடி நிறுத்துங்கள். அளவு பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலானவற்றில் சூடான நிலையில், இன்ஜின் ஓடும்போது, பி-யில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் இன்ஜினை அணைத்துவிட்டு ஓரிரு நிமிடத்துக்குள். முறை தவறினால் காட்டும் அளவும் தவறுதான்.

பதில் 2

"மாற்றினால் போய்விடும்" என்பதில் பாதி உண்மை. கிளட்ச் தட்டுகள் தேய்ந்து ஏற்கெனவே வழுக்கும் பெட்டியில், உதிர்ந்த துகள் ஆயிலில் மிதந்து கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும். சுத்தமான ஆயில் போட்டதும் வழுக்கல் வெளியே தெரியும், பழி ஆயில் மேல் விழும். அந்தப் பெட்டி மாற்றாமல் விட்டாலும் போகிறதுதான். கியர் மாறும்போது ஆர்பிஎம் மட்டும் எகிறி வண்டி நகராமல் இருப்பது, டி போட்டு இரண்டு விநாடி கழித்துப் பிடிப்பது, கருகல் வாடை, இதெல்லாம் இருந்தால் ஆயிலுக்குச் செலவு செய்யாதீர்கள். உங்கள் வண்டியில் இது எதுவும் இல்லையே, தாராளமாக மாற்றலாம்.

மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்வதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல வருடம் படிந்த கசடு ஒரே நாளில் பெயர்ந்து வால்வ் பாடியின் சன்னமான வழிகளை அடைக்கலாம்.

பதில் 3

பேன் (அடித்தட்டு) கழற்றக்கூடிய மாடல் என்றால் மூன்று சுற்றில் ஒன்றிலாவது கழற்றுங்கள். முதல் சுற்றிலேயே செய்தால் நல்லது. உள்ளே வட்டக் காந்தங்கள் இருக்கும். விரலால் வழித்தால் சாம்பல் நிறப் பசை, விரலிடையில் தேய்த்தால் மாவு மாதிரி மென்மை. இது இயல்பான தேய்மானம். வெயிலில் மின்னும் ஊசி ஊசியான சீவல், அல்லது பேன் அடியில் கறுப்புச் செதில் கிடந்தால் பிரச்சினை உள்ளே. காந்தங்களைத் துடைத்து அதே இடத்தில் வையுங்கள்.

நாரில்லாத துணி மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு நூல் போதும், வால்வ் சிக்க. ஃபில்டர் மாற்றும்போது பழைய ஓ-ரிங் மேலே துளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அதன் மேல் புதுசை ஏற்றினால் சரியாக உட்காராமல் பம்ப் காற்றை இழுக்கும். ரப்பர் கேஸ்கெட்டுக்குச் சீலன்ட் தேவையில்லை. பேன் போல்ட்கள் எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்). பல வண்டிகளில் இவற்றுக்கு 7 முதல் 12 நியூட்டன் மீட்டருக்குள்தான். பலம் காட்டினால் பேன் விளிம்பு நெளிந்து, அதிலிருந்தே ஒழுகும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேனுவலில் ஆயில் தரம் டெக்ஸ்ரான் 3 என்று இருக்கிறது. கடையில் டெக்ஸ்ரான் 6 தருகிறார்கள், "இதுவும் அதுதான்" என்கிறார்கள். போடலாமா?

பதில் 1

அதுவேதான் என்று சொல்ல முடியாது. டெக்ஸ்ரான் 3-க்கு ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த லைசன்ஸ் 2006 முடிவோடு காலாவதி. இப்போது டப்பாவில் இருப்பது "டெக்ஸ்ரான் 3 தேவைப்படும் வண்டிக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளரே சொல்வது. டெக்ஸ்ரான் 6 மெலிந்த ஆயில். ஜிஎம் அதைத் தன் பழைய பெட்டிகளுக்கும் போடலாம் என்கிறது, மற்ற கம்பெனிப் பெட்டிகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. டப்பாவின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கப் பட்டியலில் உங்கள் மேனுவல் சொல்லும் தரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிவிடி-க்கு (படிப்படியான கியர் இல்லாத இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்) உள்ளதை மட்டும் எக்காரணம் கொண்டும் இதில் ஊற்றாதீர்கள், இதிலுள்ளதை சிவிடி-யிலும்.

அளவில் சந்தேகம் வந்தால் 100 மில்லியாக ஊற்றிப் பாருங்கள். அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்கும், மூச்சுத் துளை வழியாக வெளியேயும் தள்ளும். குறைந்தால் திருப்பத்தில் பம்ப் காற்றைக் குடிக்கும்.

பதில் 2

அந்த 2-3 உதறல் முதல் சுற்றிலேயே போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆயிலில் உள்ள உராய்வு சேர்மங்கள் தீர்ந்ததால் வந்த உதறல் என்றால் இரண்டாவது, மூன்றாவது சுற்றில் குறையும். சில வண்டிகளில் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் பழைய ஆயிலுக்குப் பழகிய கணக்கை ஸ்கேனரில் அழித்துப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். மூன்று சுற்றும் முடிந்து அப்படியே இருந்தால் ஷிஃப்ட் சோலினாய்டை (கியர் மாற்ற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) சோதிக்கச் சொல்லுங்கள். முதல் இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புச் சொட்டு தெரிந்தால் முதலில் வாஷரைப் பாருங்கள்.